உரிமையாளரின் முழுப்பெயர்

மதுரை
2 பிப்ரவரி 2025

திரு. செல்வசிங் அவர்களுக்கு,

மரியாதையாகத் தொடங்குவது எனக்குப் பழக்கதோஷம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் தாழை. மாதம் 199 ரூபாய் சந்தா கட்டி நீங்கள் கேட்கும் ஒலிக்கதைகளை எழுதுகிறவளும் அவற்றில் பேசுகிறவளும் நான்தான். 'பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு கதையையும் ஆரம்பிக்கிறேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்கள், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், கட்டிலில் வெட்கப்படுகிறவர்கள், அப்புறம் வெட்கத்தை விடுகிறவர்கள். என் கதைகள் இவ்வளவுதான். பிடித்துச் செய்கிறேன், நன்றாகவும் செய்கிறேன்.

'பாலைவனத் தென்றல்' என்று நீங்கள் நடத்தும் சேனலில் என் கதைகள் நாற்பத்து மூன்று கிடக்கின்றன. நீங்கள் நடத்துவது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். என் ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார். அந்தக் கதவு எண்ணை மட்டும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்கிறேன். 212 பேருக்கு 212 எண். உங்கள் எண் 118. உங்கள் சேனலில் முப்பத்தோராயிரம் பேர் தட்டிக்கொண்டிருப்பதும் 118தான். சந்தா கட்டும்போது சொந்தப் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்த புத்திசாலி நீங்கள், அதனால் தேட வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று.

திருடியதைக்கூட ஒரு பக்கம் வைக்கிறேன். 'விடுப்பில் வந்தவன்' என்று நான் தலைப்பு வைத்த கதைக்கு நீங்கள் 'சூடான ஆன்ட்டி, பாகம் 7' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்த கணவனும் மனைவியும் முதல் நாள் யார் விளக்கை அணைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கதை அது. அதில் ஆன்ட்டி யாரும் இல்லை. ஒன்று முதல் ஆறு வரையிலான பாகங்களும் உலகத்தில் இல்லை.

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

தாழை

*

சத்வா, துபாய்
9 பிப்ரவரி 2025

அன்பு சகோதரி தாழை அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. படித்து மனவருத்தம் அடைந்தேன். ஒரு சகோதரி இப்படிக் கடுமையாக எழுதலாமா? நான் ஏசி மெக்கானிக். வெயிலில் கட்டட மொட்டை மாடியில் நின்று வேலை செய்கிறவன். எங்கள் ரூமில் எட்டுப் பேர். ஒருவன் கறி வாங்கினால் எட்டுப் பேரும் சாப்பிடுவோம், ஒருவன் ஊரிலிருந்து முறுக்கு கொண்டுவந்தால் அன்றைக்கே டப்பா காலி. எனக்கு மட்டும் என்று பூட்டி வைப்பவனை இங்கே மனுசனாக மதிக்க மாட்டார்கள். உங்கள் கதையையும் அப்படித்தான் கொடுத்தேன். பக்கத்து ரூமில் கேட்டார்கள், கேம்பில் கேட்டார்கள், சேனல் ஆரம்பித்தேன். குடும்பத்தை விட்டு வந்து கிடக்கிற மனுசனுக்கு ஓர் ஆறுதல். இதை ஊழியம் என்றுதான் நினைக்கிறேன்.

திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்யும் தொழில் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைப் போய் ஒரு பொருள், அதற்கு ஒரு சொந்தக்காரி என்றால் கேட்கிறவன் சிரிப்பான். வேண்டுமானால் போலீசுக்குப் போங்கள். என்ன காணாமல் போனது என்று எழுதிக் கொடுப்பீர்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

உங்கள் மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கும்,
செல்வசிங்

*

மதுரை
11 பிப்ரவரி 2025

ஊழியக்காரருக்கு,

என் பாவத்தை முப்பத்தோராயிரம் பேருக்கு விநியோகம் செய்துவிட்டு எனக்காக ஜெபிக்கவும் நேரம் ஒதுக்குகிறீர்கள். உங்கள் நாள் எத்தனை மணி நேரம் கொண்டது என்று தெரியவில்லை.

ரூமில் எட்டுப் பேர் கேட்டதற்கு நான் எப்போதாவது ஏதாவது சொன்னேனா? ஒரு போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்ஃபிலிருந்து வரும் சந்தாவில் பாதி அப்படித்தான். அந்த எட்டுப் பேரை மனத்தில் வைத்தே சில கதைகளை எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் முறுக்கு டப்பாவில் சூதாட்ட ஆப் விளம்பரம் ஒட்டியிருக்கிறதே. ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் உங்கள் கரகரத்த குரலில் 'பாலைவனத் தென்றல் பெருமையுடன் வழங்கும்' என்று வருகிறதே. என்ன வழங்கினீர்கள்? எந்த வரியை எழுதினீர்கள்? ஆறுதலுக்கு விளம்பரதாரர் எதற்கு?

போலீஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஸ்டேஷனில் முதலில் என் கதையைக் கேட்பார்கள், பிறகு என்னைப் பற்றிக் கேட்பார்கள், கடைசிவரை உங்களைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு கை வைக்கிறீர்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவளாகப் பார்த்துத் திருடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை ஆறுதல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்ன காணாமல் போனது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். 212 சந்தாவில் இப்போது மிச்சம் 74. போனவர்களில் ஒருவர் நல்ல மனிதர், ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். "கோவிச்சுக்காதீங்க மேடம், அதான் ஓசியிலயே கெடைக்குதுல்ல" என்று உங்கள் சேனலின் சுட்டியை எனக்கே அனுப்பிவைத்தார். ஆண் குரல் கொடுத்த அழகுமலை சார் முப்பது வருடம் நாடக மேடையில் நின்றவர். அவரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து, பந்தி தயார் என்று அறிவிக்கிறார். ஸ்டுடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தவள் இப்போது பீரோவுக்குள் ஜமக்காளம் கட்டி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறேன். காதல் வசனம் பேசி முடிக்கும்போது மூச்சு முட்டுகிறது, உங்கள் நேயர்கள் அதைப் பாராட்டி இதயம் போடுகிறார்கள்.

நீக்குங்கள்.

தாழை

*

சத்வா
1 மார்ச் 2025

அன்பு சகோதரி,

இவ்வளவு வாய் உள்ள பெண்ணை வீட்டில் எப்படிச் சகிக்கிறார்கள் என்று தெரியவில்லை. என் மனைவி ரினி என்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று சேனலில் ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இப்போது முப்பத்தி நாலாயிரம் பேர். நாற்பதாயிரம் ஆனதும் தாழை என்பது யார், அவருடைய உண்மையான பெயர் என்ன, ஊர் என்ன, எல்லாம் வெளியிடப்படும். ஒரே நாளில் அறுநூறு பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் உங்கள் மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள்.

உங்களுக்கு இது பிடிக்கவில்லை என்றால் முறையாகச் செய்யலாமே. சேனல் ஓடும் இந்த ஆப்பின் கம்பெனியிடம் புகார் படிவம் இருக்கிறது. நிரப்பி அனுப்புங்கள். அவர்கள் நீக்கச் சொன்னால் நான் நீக்குகிறேன். சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறவன் நான்.

செல்வசிங்

*

மதுரை
4 மார்ச் 2025

செல்வசிங்,

அந்தப் படிவத்தை நான் போன வருடமே பார்த்துவிட்டேன். முதல் கட்டத்தில் 'உரிமையாளரின் முழுப்பெயர்' என்று கேட்கிறார்கள். தாழை என்று எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் வேண்டுமாம். புகார் ஏற்கப்பட்டால் அதன் நகல் அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு நீங்கள். நாற்பதாயிரம் பேருக்குப் பெயரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், பெயர் உங்களிடம் இல்லை. அதை என் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள். படிவத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியபோதே தெரிந்துவிட்டது. திருடத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு மேல் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். எழுதுகிறேன்.

எனக்கு ஓர் அண்ணன். அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. என்னைப் படிக்க வைத்தவர் அவர். உங்கள் பக்கம்தான் எங்கோ ஒரு நாட்டில் கடையில் நிற்கிறார். ஊரில் மற்றவர்கள் என்ன பேசினாலும் என்னால் திருப்பிப் பேச முடியும், எனக்கு வாய் உண்டு என்று நீங்களே சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். அவர் முன்னால் மட்டும் எனக்குப் பேச்சு வராது. என் பெயரை அவர் உங்கள் சேனலில் பார்க்கக் கூடாது.

கதைகள் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த அறிவிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். இதைக் கேட்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

தாழை

*

சத்வா
20 ஏப்ரல் 2025

அன்பு சகோதரி,

வேலை மும்முரத்தில் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத முடியவில்லை. இப்போது ஓர் அவசரம்.

'வளைகுடா வசந்தம்' என்று யாரோ ஓர் அயோக்கியன் சேனல் தொடங்கியிருக்கிறான். என் நாற்பத்து மூன்று கதைகளையும் அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறான். நான் பேசிய முகப்பை வெட்டிவிட்டு அவன் குரலைச் சேர்த்திருக்கிறான். ஒவ்வொரு கதைக்கும் அட்டைப்படம் செய்ய நான் லீவு நாளெல்லாம் உட்கார்ந்தேன். மற்றவர்கள் துபாய் மெரினாவுக்கும் மாலுக்கும் போனபோது நான் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கண் கெட்டேன். என் சேனலில் நாலாயிரம் பேர் குறைந்துவிட்டார்கள். விளம்பரம் கொடுத்தவனும் அங்கே போய்விட்டான். அந்தச் சேனல்காரனிடம் கேட்டால், "போ பாய், இதுல உனக்கு என்ன உரிமை இருக்கு, கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்கிறான். அடுத்தவன் உழைப்பைத் தின்கிறோம் என்ற பயமே இல்லாத ஜனம்.

நான் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்று நிராகரித்துவிட்டார்கள். உரிமையாளர் நீங்கள்தானே. நீங்கள் அவன் மேல் ஒரு புகார் கொடுத்தால் உடனே எடுத்துவிடுவார்கள். பெயர் அவனுக்குத்தான் போகும், எனக்கு வராது. அப்படிச் செய்தால் நான் அந்த அறிவிப்பை எடுத்துவிடுகிறேன், பைபிள் மேல் சத்தியம்.

நாம் இரண்டு பேரும் பாதிக்கப்பட்டவர்கள். ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

செல்வசிங்

*

மதுரை
22 ஏப்ரல் 2025

பாதிக்கப்பட்டவருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அழகுமலை சாருக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். நாடகத்தில் முப்பது வருடம் வில்லனாக நடித்தவர், இப்படி ஒரு வசனம் தனக்கு யாரும் எழுதித் தரவில்லையே என்று வருத்தப்பட்டார்.

'உரிமையாளர் நீங்கள்தானே.' பிப்ரவரியில் நான் உரிமை கேட்டபோது கேட்கிறவன் சிரிப்பான் என்றீர்கள். ஏப்ரலில் உங்கள் விளம்பரதாரர் போனதும் நான் உரிமையாளராகிவிட்டேன். வளைகுடா வசந்தத்துக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். முகப்பைத்தான் மாற்றியிருக்கிறான், உள்ளே இன்னும் 118தான் இருக்கிறது. உங்களிடமிருந்து எடுத்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிப் புரளுவதைத் தடுக்க நான் எதற்கு வரவேண்டும்?

அட்டைப்படத்துக்காகக் கண் கெட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த அட்டைப்படங்களை நானும் பார்த்தேன். கண் அதற்கு முன்பே கெட்டிருக்க வேண்டும்.

என் பெயரை ஒரு திருடனிடம் கொடுத்தால் இன்னொரு திருடன் பயமுறுத்துவதை நிறுத்துவானாம். மார்ச் மாதம் நான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஏழு வாரம் பதில் இல்லை. இப்போது அதையே விலையாக நீட்டுகிறீர்கள். உங்களிடம் கெஞ்சி ஒரு கடிதம் எழுதினேன் என்பதுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே அசிங்கமான காரியம்.

தாழை

*

சத்வா
6 மே 2025

மேடம்,

நல்லபடியாகக் கேட்டேன், நீங்கள் நக்கல் செய்கிறீர்கள். இனி என்மேல் குற்றமில்லை. அறிவிப்பை மறுபடி போட்டதில் போனவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். இப்போது முப்பத்தொன்பதாயிரம். அழகுமலை என்று நீங்களே ஒரு பெயரை எழுதியிருக்கிறீர்கள். மதுரை, நாடகம், கல்யாண மண்டபம். ஒரு ஆளைப் பிடித்து விசாரிக்க இது போதும். இரண்டு வாரத்தில் உங்கள் பெயர் என் கையில் இருக்கும்.

செல்வசிங்

*

மதுரை
18 மே 2025

செல்வசிங்,

அழகுமலை சாருக்கு உங்கள் ஆள் போன் செய்தார். சார் அவரைக் கல்யாண வீட்டுக்காரர் என்று நினைத்து, எத்தனை பந்தி என்று கேட்டிருக்கிறார். மறுபடி போன் வந்தபோதுதான் விஷயம் புரிந்து என்னிடம் சொன்னார். சார் சொல்ல மாட்டார். ஆனால் நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் வாயிலிருந்து என் அண்ணன் அதைக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று போன வெள்ளிக்கிழமை அவருக்குப் போன் செய்தேன்.

என் அண்ணன் கோபாலசாமி பஹ்ரைனில், மனாமாவில் குதைபியா பக்கம், கோல்டு ஸ்டோர் என்று அங்கே சொல்லும் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், போன ஆடியிலிருந்து கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டாலும் கடையில் கூட்டம் என்று வைத்துவிடுவார். அண்ணி ஏதோ சொல்லியிருப்பாள் என்று இத்தனை மாதமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"தெரியும் நாகு. போன ஆடியிலயே தெரியும். ரூம்ல ஒருத்தன் போன்ல போட்டான். ஓசியில வருதுண்ணே, நீங்களும் கேளுங்கன்னான். மொத வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு. ஒன் கொரல் எனக்குத் தெரியாதா. எந்திரிச்சுப் போயி மாடிப்படியில நின்னேன். முடியிற வரைக்கும் நின்னேன்."

பிறகு அவரே சொன்னார்.

"தப்பு ரைட்டுன்னு சொல்ல எனக்கு வரல. யார்ட்டயும் ஒம் பேரச் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் நீ போன் பண்ணி அண்ணேன்னு சொன்னாலே, அந்த ரூம்ல அவனுங்க கேட்டுட்டுச் சிரிச்சதுதான் காதுல கேக்குது. அதான் கூப்புடல. இப்பவும் கேக்குது. வச்சுர்றேன்."

வைத்துவிட்டார். அது உங்கள் சேனல்தான். அந்த ரூமில் யாரும் எனக்குச் சந்தா கட்டியவர்கள் இல்லை, பஹ்ரைனில் எனக்கு ஒரு சந்தாதாரர்கூட இருந்ததில்லை. 212 பேரோடு நின்றிருந்தால் என் குரல் அந்த மாடிப்படிக்குப் போயிருக்காது. பத்தொன்பது வயதிலிருந்து என்னைத் தூக்கிச் சுமந்த மனிதரை நீங்கள் என்னிடமிருந்து பறித்துப் பத்து மாதமாகிறது. அது தெரியாமல், அதையே பறிக்கப் போவதாக என்னை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நானும் அது தெரியாமல் உங்கள் காலில் விழுந்தேன். உங்களை வெறுக்கலாம் என்று பார்த்தேன். அதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. என்ன செய்தீர்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

இனி எதற்குப் பயப்பட வேண்டும்? படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் சேனல் மேல் ஒன்று, வளைகுடா வசந்தம் மேல் ஒன்று. நகல் உங்களுக்கு வரும். அதில் என் முழுப்பெயரும் விலாசமும் இருக்கும். நாற்பதாயிரம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அறிவித்துக்கொள்ளுங்கள். என் பக்கத்திலும் போட்டுவிட்டேன். அதைப் பார்த்துப் பதினோரு பேர் சந்தாவை நிறுத்தினார்கள், வாடகை வீட்டின் சொந்தக்காரர் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். அழகுமலை சார் வந்து ஒரு கதையை வாசித்துக் கொடுத்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

படிவத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று உண்டு. சேனல் நடத்துகிறவர் மறுக்க விரும்பினால் பதினான்கு நாளுக்குள் நிரப்ப வேண்டும். உங்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று இணைத்திருக்கிறேன்.

நாகவள்ளி

*

சத்வா
29 மே 2025

அன்பு சகோதரி நாகவள்ளி அவர்களுக்கு,

சேனலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான்கு வருட உழைப்பு. வளைகுடா வசந்தத்தையும் மூடிவிட்டார்கள், அதற்கு நன்றி.

உங்கள் அண்ணன் விஷயம் படித்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கேட்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்.

இரண்டாம் பக்கத்தை நிரப்பிப் பார்த்தேன். அதில் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயர், இங்கே தங்கியிருக்கும் விலாசம், போன் நம்பர் எல்லாம் கேட்கிறார்கள். இந்தக் கதைகளைப் போட்டது நான்தான் என்று கையெழுத்தும் போட வேண்டுமாம். இந்த ஊர்ச் சட்டம் உங்களுக்குத் தெரியாது. இப்படி ஒரு காகிதத்தில் என் பெயர் இருந்தால் விசா போகும், அதோடு நிற்காது. விசா கொடுத்த கபீலுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊரில் சபையில் என் மாமனார் மூப்பர். ரினிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

நாள் மூன்றுதான் இருக்கிறது. உங்களுக்கு இந்தப் படிவம் நன்றாகத் தெரியும் என்பதால் கேட்கிறேன். சொந்தப் பெயர் இல்லாமல் இதை அனுப்ப ஏதாவது வழி இருக்கிறதா, சகோதரி?

செல்வசிங்

*

மதுரை
30 மே 2025

இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

நாகவள்ளி